அப்பா கையெழுத்து

ஒரு பெண்ணுக்குக் கிடைத்திருக்கக்கூடிய கல்லூரி இடத்தை நான் பொய் சொல்லிக் கெடுத்தேன். தெரிந்துதான் செய்தேன். வயதாகிவிட்டது, கண் சரியில்லை, ஆங்கிலத்தில் இருந்ததைத் தவறாகப் புரிந்துகொண்டேன் என்றெல்லாம் சொல்லித் தப்பிக்க வழியிருந்தது. சில காலம் எனக்கு நானே அப்படிச் சொல்லிக்கொண்டும் இருந்தேன். அது உண்மையில்லை. என் முன்னால் இருந்த தாளில் என்ன எழுதியிருந்தது என்று அன்றைக்கே எனக்கு நன்றாகத் தெரியும்.

தாள்களைப் படிப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. துறைமுகத்தை ஒட்டிய ஓர் அலுவலகத்தில் சட்டப் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தேன். சரக்கு யார் பொறுப்பில் இருந்தபோது நனைந்தது, எந்தத் தேதியிலிருந்து தாமதக் கட்டணம், யார் கையெழுத்து செல்லும், யாருடையது செல்லாது, இவற்றைத்தான் நாள் முழுதும் பார்ப்பேன். என் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்தவர். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவன் நான். கடை என் மகனிடம் போய் இப்போது திருவொற்றியூரில் மொத்த வியாபாரமாக நடக்கிறது. கீழே கடை, மேலே வீடு. மகன், மருமகள், ஒரே பேத்தி, நான்.

ஓய்வுபெற்ற பிறகு சுற்றுவட்டாரத்தில் எல்லோருக்கும் நான்தான் தாள் படிப்பவன். வங்கிக் கடிதம் வந்தாலும் கோர்ட்டு நோட்டீஸ் வந்தாலும் எங்கள் மாடிப்படி ஏறுவார்கள். யாரிடமும் எதுவும் வாங்கியதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு. நான் சொன்ன பொய் எடுபட்டதற்கு அந்தப் பெயரும் ஒரு காரணம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

என் பேத்தி பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தபோது அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பிக்க விரும்பினாள். அங்கே ஒரு முறை இருக்கிறது. எல்லோருக்கும் முன்னால், நவம்பர் தொடக்கத்திலேயே, ஒரே ஒரு கல்லூரிக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம். இடம் கிடைத்தால் வேறெங்கும் போகமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். மாணவர் கையெழுத்து, பெற்றோர் கையெழுத்து, பள்ளியின் கையெழுத்து மூன்றும் அந்த உறுதிமொழித் தாளில் இருக்க வேண்டும். முடிவு டிசம்பர் நடுவில் வந்துவிடும். தவறவிட்டால் ஜனவரியில் பொதுச் சுற்று உண்டு. ஆனால் முழு உதவித்தொகையோடு எடுத்துக்கொள்ளும் இடங்களில் பெரும்பகுதி அதற்குள் நிரம்பிவிடும். இதெல்லாம் அந்தக் கல்லூரியின் விளக்கக் குறிப்பிலேயே இருந்தது. நான் அதைப் பென்சிலால் கோடு போட்டுப் படித்திருந்தேன்.

அதே கல்லூரிக்கு விண்ணப்பித்த இன்னொரு பெண் என் பேத்தியின் வகுப்புத் தோழி. எர்ணாவூர்ப் பக்கம் கடலோரத்து மீனவர் குடியிருப்பில் வீடு. அவள் அம்மா எங்கள் தெருவில் மீன் விற்பவள். அப்பா காசிமேட்டிலிருந்து கிளம்பும் விசைப்படகில் வேலைக்குப் போகிறவர். அந்தப் படகுகள் போனால் பத்து, பன்னிரண்டு நாள் கடலிலேயே இருந்துவிட்டுத்தான் திரும்பும். அந்தப் பெண் பள்ளியில் பாதிச் சம்பளச் சலுகையில் படித்தாள். கணக்கில் என் பேத்தியைவிட எப்போதும் நாலைந்து மதிப்பெண் கூடுதல். அந்தக் கல்லூரியைப் பற்றி அவளுக்குச் சொன்னதே என் பேத்திதான்.

"நீ எதுக்கு அவகிட்டச் சொன்ன?" என்று நான் கேட்டேன்.

"ஏன் தாத்தா? அவளுக்கு முழு ஸ்காலர்ஷிப் கிடைக்கும். ரெண்டு பேரும் ஒரே ரூம்ல இருக்கலாம்ல?"

"ஒரு ஸ்கூல்லேருந்து ரெண்டு பேர எடுக்க மாட்டான்."

அப்படி விதி எதுவும் கிடையாது. என் மகன் யாரோ ஒரு ஏஜென்ட்டிடம் கேட்டுவந்து சொன்னது. ஆனால் அந்த நினைப்பு என்னைப் பிடித்துக்கொண்டது. இருவர் விண்ணப்பத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாரை எடுப்பார்கள் என்று எனக்குத் தெரிந்தது. மீன் விற்கிறவளின் மகள் எழுதியிருந்த கட்டுரையை நான் படித்திருந்தேன். படகுகள் கரைக்கு வரும் நேரத்தைக் காற்றையும் அலையையும் வைத்துக் கணக்குப் போட்டதைப் பற்றி எழுதியிருந்தாள். திருத்துவதற்கு அதில் ஒன்றுமில்லை. என் பேத்தியின் கட்டுரையை நான் மூன்று முறை திருத்தியிருந்தேன்.

எங்கள் பகுதிப் பள்ளியிலிருந்து இப்படி யாரும் அதுவரை விண்ணப்பித்ததில்லை. தலைமையாசிரியைக்கும் பழக்கமில்லை. "ரெண்டு பேரோட பேப்பரையும் நீங்க ஒரு தடவ பாத்து சரின்னு சொல்லிட்டா நான் கையெழுத்துப் போட்டுடறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டார். இரண்டு பெண்களுடைய தாள்களும் கடைசியாக என் மேசைக்கு வந்தது அப்படித்தான்.

கடைசி நாளுக்கு ஆறு நாள் இருந்தது. ஒரு சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு அந்தப் பெண் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். என்னை அவளும் தாத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

"எல்லாம் முடிஞ்சிச்சு தாத்தா. இந்த ஒண்ணுதான் பாக்கி. பேரன்ட்ஸ் சைன். அப்பா போட்டுல கீறாரு. போயி நாலு நாளுதான் ஆவுது. அம்மா போட்டா ஆவும்ல?"

தாளை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். பெற்றோரில் ஒருவர் அல்லது காப்பாளர் என்று அதில் இருந்தது. ஒரு வரிதான். அதை நான் படித்து முடித்த பிறகும் படித்துக்கொண்டிருப்பதுபோல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. அரை நிமிடம் இருக்கலாம். அந்த அரை நிமிடத்தில்தான் நான் முடிவு செய்தேன்.

"அப்பா கையெழுத்துதான் வேணும்மா. வெளிநாட்டு விவகாரம். இல்லாம அனுப்பினா தள்ளுபடி பண்ணிடுவான்."

அவள் முகம் சுருங்கியது. ஆனால் சந்தேகப்படவில்லை. பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அவள் பார்த்த ஒவ்வொரு தாளும் அப்பா பெயரைத்தான் கேட்டிருந்தது. சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, பரீட்சை விண்ணப்பம் எல்லாமே. அமெரிக்காவும் அதையே கேட்கிறது என்று நான் சொன்னதில் அவளுக்கு வியப்பில்லை. அவள் இடத்தில் எங்கள் பக்கத்தில் யார் இருந்தாலும் அப்படியே நம்பியிருப்பார்கள். அதை எதிர்பார்த்துத்தான் நான் சொன்னேன்.

"அம்மா நல்லா எழுதும் தாத்தா. கைநாட்டு இல்ல. பேரு முழுசா எழுதும்."

"எழுதறதப் பத்தி இல்லம்மா. சட்டம் அப்படி. ஜனவரில இன்னொரு சுற்று இருக்கு. அதுல போடு. ஒண்ணும் குறைஞ்சிடாது."

அவள் தலையாட்டிவிட்டுக் கோப்பை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். மருமகள் அவளுக்காகத் தேநீர் எடுத்து வந்தவள், "அதுக்குள்ள போய்ட்டாளா?" என்று அதை எனக்குக் கொடுத்தாள். நான் வாங்கிக் குடித்தேன்.

இன்னொன்றையும் இங்கேயே எழுதிவிட வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்னால் என் பேத்தியின் உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட்டது என் மருமகள். மகன் சரக்கு வாங்க விருதுநகர் போயிருந்தான். "நான் போட்டாப் போதுமா மாமா?" என்று அவளும் கேட்டாள். "யாராவது ஒருத்தர் போட்டாப் போதும்மா" என்று சொல்லி, எங்கே போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டியவன் நான்தான்.

மறுநாள் காலையில் அந்தப் பெண்ணின் அம்மா மீன் கூடையோடு வந்தவள், வியாபாரத்தை முடித்துவிட்டு மாடிப்படி ஏறி வந்து என்னிடம் கேட்டாள். "அய்யா, நெஜமாவே நா போட்டா ஆவாதா?"

"ஆகாதும்மா."

அவள் வாதாடவில்லை. அன்றைக்கே காசிமேட்டுக்குப் போய்ப் படகு உரிமையாளரைப் பார்த்திருக்கிறாள். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டுச் சீக்கிரம் திரும்பச் சொல்ல முடியுமா என்று கேட்டிருக்கிறாள். "ஒரு கையெழுத்துக்காவ போட்ட திருப்பச் சொல்றியா? உம் புருசன் இன்னா கலெக்டரா?" என்று அங்கிருந்தவர்கள் சிரித்திருக்கிறார்கள். இதெல்லாம் அவளே பிறகு என் மருமகளிடம் சிரித்துக்கொண்டு சொன்னது. நான் உள்ளே செய்தித்தாள் படிப்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

கெடு முடிந்து இரண்டாம் நாள்தான் படகு வந்தது. அந்த மனிதர் வீட்டுக்குக்கூடப் போகாமல் துறைமுகத்திலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். லுங்கியில் உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. எங்கேயோ ஒரு பேனா வாங்கிச் சட்டைப் பையில் குத்தியிருந்தார்.

"எங்க சார் போடணும்?"

"முந்தாநாளோட முடிஞ்சிருச்சேப்பா."

"ரெண்டு நாளுதான சார். கேட்டுப் பாருங்க சார். கடல்ல இருந்தான்னு சொல்லுங்க."

"அதெல்லாம் கம்ப்யூட்டர். கேட்க முடியாது."

அவர் பேனாவைக் கையில் எடுத்து மூடியைத் திறந்து மூடினார். பிறகு, "எம் பேர்லதான் தப்பு" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஆறு வாரக் காத்திருப்பு. வீட்டில் யாரும் யாரோடும் நிம்மதியாகப் பேசவில்லை. மகன் வாடிக்கையாளர்களிடம் எரிந்து விழுந்தான். மருமகள் கண் பட்டுவிடும் என்று ஊரில் இருக்கும் தன் தங்கைக்குக்கூட இதைச் சொல்லவில்லை. பேத்தி சாப்பிட உட்கார்ந்தால் போனை எடுத்து, தேதியைப் பார்ப்பாள். விஷயம் தெரிந்த ஒரே வெளி ஆட்கள் அந்த மீனவர் வீட்டார்தான். அவர்கள் எங்களுக்காகக் காத்திருந்தார்கள். அந்த அம்மா தங்கள் ஊர் அம்மன் கோயிலில் என் பேத்தி பெயருக்கு விளக்கு போட்டதாகச் சொன்னாள். "எங்களுதுதான் போச்சு. உங்களுதாவது வரட்டும்மா" என்றாள் மருமகளிடம். எனக்கு அன்று இரண்டு கவளத்துக்குமேல் இறங்கவில்லை. பேத்தியை நினைத்துக் கவலைப்படுகிறேன் என்று வீட்டில் நினைத்தார்கள்.

முடிவு நம்ம ஊர்க் கணக்கில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு வரும் என்றார்கள். நாங்கள் நால்வரும் குளித்துவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். ஐந்தே காலுக்குக் கீழே கேட்டின் சத்தம் கேட்டது. அந்தப் பெண் வந்திருந்தாள். இருட்டு பிரியும் முன்பே கடற்கரைச் சாலை வழியாக நடந்து வந்திருந்தாள்.

"உனக்குத் தூக்கம் வர்லியாடி?" என்று பேத்தி கேட்டாள்.

"நீ மயக்கம் போட்டு வுழுந்தா யாரு புடிக்கிறது? அதான் வந்தேன்."

இருவரும் தரையில் மடிக்கணினியின் முன்னால் ஒட்டி உட்கார்ந்துகொண்டார்கள். பேத்தி கடவுச்சொல்லை இரண்டு முறை தப்பாகத் தட்டினாள். மூன்றாவது முறை அந்தப் பெண்தான் தட்டினாள். திரையில் வண்ணக் காகிதத் துண்டுகள் பறப்பதுபோல் ஏதோ வந்தது. என் பேத்தி கத்தினாள். அதைவிடச் சத்தமாக அந்தப் பெண் கத்தினாள். என் மகன் அழுது நான் அன்றுதான் பார்த்தேன். அந்தப் பெண் எழுந்து வந்து என் காலைத் தொட்டு, "எல்லாம் உங்களாலதான் தாத்தா" என்றாள். என் பேத்திக்கு நான் கட்டுரை திருத்தியதைச் சொன்னாள். அவளுக்கு வேறு எதுவும் தெரியாது.

நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வெகுநேரம் நின்றேன். வெளியே மருமகள் கேசரி கிளறும் வாசனை வந்தது. அப்போதே வெளியே வந்து சொல்லியிருக்கலாம். பொதுச் சுற்றுக்கு இரண்டு வாரம் இருந்தது. கல்லூரிக்கு எழுதி, நடந்த தவறுக்கு நான் பொறுப்பு என்று சொல்லியிருந்தால் அவர்கள் ஏதாவது செய்திருக்கலாம். செய்யாமலும் இருந்திருக்கலாம். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கேசரி சாப்பிட்டேன்.

அந்தப் பெண் ஜனவரிச் சுற்றில் விண்ணப்பித்தாள். மார்ச் கடைசியில் காத்திருப்போர் பட்டியலில் இருப்பதாகப் பதில் வந்தது. ஜூனில் அதுவும் முடிந்தது. முன்சுற்றில் போட்டிருந்தால் அவளுக்குக் கிடைத்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. யாருக்கும் இனித் தெரியப்போவதில்லை. அவள் நகரத்தில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சேர்ந்தாள். விம்கோ நகரில் காலை ரயிலைப் பிடிக்க அவள் வேகமாக நடந்துபோவதை மாடியிலிருந்து பார்ப்பேன். பார்த்தால் கையசைப்பாள். நானும் கையசைப்பேன்.

இரண்டு ஆண்டுகள் இப்படிப் போயின. சொல்லவேண்டும் என்று நினைத்து, சொல்லாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். அந்தப் பழக்கத்தைக் கலைத்தது அவள் அப்பாதான்.

எண்ணூர் சாலையில் ஒரு நாள் ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். கன்டெய்னர் லாரிகள் இரண்டு பக்கமும் அடைத்து நின்று வண்டி நகரவில்லை. ஒரு கன்டெய்னர் யார்டு வாசலில் காவலாளி உடுப்பில் விசில் ஊதி லாரிகளை ஒதுக்கிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்து ஓடிவந்தார். அவர்தான்.

"இன்னா சார், இந்தப் பக்கம்? எறங்குங்க, இது நவர அர மணி நேரம் ஆவும். டீ சாப்டலாம்."

"என்னப்பா இது வேஷம்? போட்டுக்குப் போகலியா?"

"வுட்டுட்டேன் சார். ரெண்டு வருசம் ஆவப்போவுது." சட்டையின் தோள்பட்டையை இழுத்துச் சரிசெய்துகொண்டார். "சின்னது ஒண்ணு கீது இல்ல சார், எட்டாவது படிக்குது. நாளிக்கு அதுக்கும் ஒரு பேப்பரு வரும். நா நடுக்கடல்ல இருப்பேன். ஒரு தபா பட்டது போதும். இங்கன்னா போன் அடிச்சா பத்து நிமிசத்துல வூட்ல இருப்பேன்."

"கடல விட்டுட்டு இருக்க முடியுதா?"

"பேஜாராத்தான் கீது. இன்னா பண்றது?" என்று சிரித்தார். "எங்க பசங்க எனக்குப் பேரே வச்சிட்டானுங்க சார். லேட்டு கையெழுத்து. 'டேய், லேட்டு கையெழுத்து வர்றாரு, வழி வுடு'ன்னுவானுங்க. கயிதைங்க."

டீக்கு என்னைக் காசு கொடுக்க விடவில்லை.

அந்தப் பெண்ணுக்குச் செய்ததை மட்டும்தான் நான் அதுவரை நினைத்திருந்தேன். இந்த மனிதர் என் பொய்யைத் தன் குற்றமாக எடுத்துக்கொண்டு, தெரிந்த தொழிலை விட்டு, லாரிப் புகையில் நின்று விசில் ஊதிக்கொண்டிருந்தார். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. நல்லவனாகிவிட்டேன் என்று இதற்குப் பொருளில்லை. அவர் சிரித்ததைத் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அதுவரை நான் அந்தக் குடியிருப்புக்குள் போனதே இல்லை. அவர்கள்தான் எங்களிடம் வருவார்கள். தாய், தகப்பன், அந்தப் பெண் மூவரும் வீட்டில் இருந்தார்கள். அந்தப் பெண் தலைக்குக் குளித்துவிட்டு வாசலில் முடியை உலர்த்திக்கொண்டே ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். நாற்காலி போட்டார்கள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். எந்தத் தாள், அதில் என்ன இருந்தது, நான் என்ன சொன்னேன், ஏன் சொன்னேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அந்தப் பெண்தான் முதலில் கேட்டாள்.

"உங்க வூட்ல யாரு சைன் பண்ணாங்க?"

"மருமக."

"எனக்குச் சொல்றதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

"முன்னாடி."

அவள் தலையை மெல்ல ஆட்டினாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவள் அம்மா என் முன்னால் வந்து நின்றாள்.

"நா கேட்டேன்ல? உன் வூட்டு வாசப்படி ஏறி வந்து கேட்டேன்ல, நா போட்டா ஆவாதான்னு? எம் மூஞ்சியப் பாத்துதான ஆவாதுன்ன? பெத்தவ நானு. தெருத்தெருவா கூட தூக்கிப் படிக்க வச்சவ நானு. எங் கையெழுத்து செல்லும்னு உனக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெர்ல. ரெண்டு வருசமா இந்த ஆள நானே எத்தினி வாட்டி திட்டியிருப்பேன் தெரியுமா? நீ கடலுக்குப் போனதாலதான்னு? போ பெரியவரே. எதுனா சொல்லிடப்போறேன், போயிடு."

எப்போதும் அய்யா என்று கூப்பிட்டவள். நான் படியிறங்கினேன். பின்னாலேயே அவள் கணவர் வந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன்.

"சார். அப்ப எம் பேர்ல தப்பு இல்ல?"

"இல்லப்பா. துளிகூட இல்ல."

"இத்த எழுதிக் குடுப்பியா?"

"குடுக்கறேன்."

"ஊர்க் கூட்டத்துல படிக்கணும். அல்லாருக்கும் தெரியணும்."

அன்று மதியமே எழுதினேன். அலுவலகத்தில் எத்தனையோ வாக்குமூலங்கள் எழுதியிருக்கிறேன். எதையும் இவ்வளவு சுருக்கமாக எழுதியதில்லை. முக்கால் பக்கம்தான் வந்தது. சூழ்நிலை காரணமாக என்று ஓர் இடத்தில் எழுதி, பிறகு அடித்தேன். அந்தக் கல்லூரிக்கும் ஒரு கடிதம் எழுதி, நடந்ததைச் சொல்லி, ஏதாவது வழி உண்டா என்று கேட்டேன். மூன்று வாரத்தில் மரியாதையான பதில் வந்தது. வேறு கல்லூரியில் இரண்டாண்டு முடித்துவிட்ட மாணவியைப் புதிதாகச் சேர்க்க இயலாது, மாறி வருகிறவர்களுக்கு முழு உதவித்தொகை இல்லை என்று இருந்தது. அதைத் தலைமையாசிரியை வழியாக அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். அவள் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்ததாகத் தலைமையாசிரியை சொன்னார். எனக்கு என்று ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை.

அடுத்த ஞாயிறு ஊர்க் கூட்டம். கோயிலுக்கு எதிரே பந்தல் நிழலில் ஊர்ப் பெரியவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஆண்களும் பெண்களுமாக நூறு பேராவது இருக்கும். வலை கட்டும் இடம் யாருக்கு என்று ஏதோ வழக்கு முடிந்த பிறகு எங்கள் முறை வந்தது. யார் படிப்பது என்று பெரியவர் ஒருவர் கேட்டார். "எழுதனவரே படிக்கட்டும்" என்றார் அந்தப் பெண்ணின் அப்பா.

நான் படித்தேன். பாதி படித்திருப்பேன். "சத்தமா, கேக்கல" என்று பின்னாலிருந்து ஒரு பெண் சொன்னாள். முதலிலிருந்து மறுபடி படித்தேன்.

முடித்ததும் இளைஞர்கள் நின்ற பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்ப லேட்டு கையெழுத்துன்னு இனிமே யாரடா கூப்புடறது?"

"தோ, கெய்வனைத்தான்" என்று இன்னொருவன் என் பக்கம் கையைக் காட்டினான்.

சிரிப்பு எழுந்தது. பெஞ்சிலிருந்த பெரியவர், "மூட்ரா வாய" என்று அதட்டினார். அந்தப் பெண்ணின் அப்பா சிரிக்கவில்லை. என்னிடம் வந்து தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "போலாம் சார் நீங்க" என்றார்.

பத்து நாளில் அவர் யார்டு வேலையை விட்டுவிட்டுப் பழைய படகுக்கே திரும்பினார். நான் செய்ய முயன்றதில் பலித்தது அது ஒன்றுதான்.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மகன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. "கடைக்கு வர்ற ஜனம் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்று ஒரே ஒரு முறை கேட்டான். குப்பத்து ஆட்கள் சிலர் எங்கள் கடையில் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். மாடிப்படி ஏறித் தாள் காட்ட இப்போது யாரும் வருவதில்லை. பேத்திக்கு நானே போனில் சொன்னேன். "அப்போ நான் இங்க உக்காந்திருக்கறதே..." என்று ஆரம்பித்து முடிக்காமல் வைத்துவிட்டாள். தன் தோழிக்கு நீளமாக எழுதினாள் என்று மருமகள் சொன்னாள். பதில் வந்ததா என்று நான் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தி பேசும்போது போன் இப்போது என் அறைவரை வருவதில்லை.

அந்தப் பெண்ணின் அம்மா எங்கள் தெருவுக்கு வருவதை நிறுத்தவில்லை. பிழைப்பு இருக்கிறதே. மருமகள்மேல் அவளுக்குக் கோபமும் இல்லை. போன வாரம் கீழே கேட்டருகே நின்று இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு இது கடைசி ஆண்டு. மேற்படிப்புக்கு எங்கேயோ விண்ணப்பித்திருக்கிறாள் போலிருக்கிறது.

"எப்ப தெரியுமாம்?" என்று மருமகள் கேட்டாள்.

"இந்த மாசக் கடசிலன்னுச்சு. சோறே துன்ன மாட்டேங்குது. போனயே பாத்துக்கினு கீது. அவரும் போட்டுக்குப் போவாம இந்த வாரம் வூட்லயே குந்திக்கினு கீறாரு."

"எந்த ஊர் காலேஜ்?"

நான் மாடியில் சன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் நிமிர்ந்து சன்னலைப் பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

"அத்த மட்டும் கேக்காதம்மா" என்றாள். "உங்க மாமனாரு காதுல வுழும்."